மைமூனின் தாகமும் ஒரு சிட்டிகைப் பொடியும்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஹார்மோன் பரிசோதனை செய்ய ஒரு கண்ணாடி மிதவை, ஒரு வேப்பமரம், நெல் மண்டியில் இரவல் வாங்கிய ஒரு தராசு, இவ்வளவுதான் இருந்தன. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு நர்சுப் பெண்கள் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். “இப்பல்லாம் ரத்தம் எடுத்து அனுப்பினா சாயங்காலம் ரிப்போர்ட் வந்துடுதும்மா. மரத்த வச்சு என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். பந்தியில் பேசக்கூடிய விஷயம் இல்லை அது. பாதிக் கதை மூத்திரத்தைப் பற்றியது. எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

என் பெயர் சரோஜினி. தலத்தெருக்காரி. பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் நர்சு வேலை படித்தேன். அங்கே கற்றதில் பெரும்பகுதி கட்டில் விரிப்பை மடிப்பு விழாமல் போடுவது; மீதி, கேள்வி கேட்காமல் நிற்பது. ஊர் திரும்பி, டாக்டர் சவரி காரைக்காலில் சொந்தமாக நடத்திய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் தொடக்கம். ஊரில் பிரெஞ்சுக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

டாக்டர் அறுபதை நெருங்கியவர், ஒல்லி. சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டிருப்பார். யார் வந்தாலும் எழுந்து நின்று “வாங்க” என்பார். ஜவுளிக்கடை முதலாளிக்கும், மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வரும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி எழுந்து நிற்பார். என்னையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். நோயாளி தன் தொல்லையைச் சொல்லி முடித்ததும், “வேற?” என்று கேட்பார். அவர்கள் யோசித்து இன்னொன்று சொல்வார்கள். மறுபடி “வேற?” மூன்றாவது ‘வேற’வுக்கு வரும் பதிலைத்தான் காகிதத்தில் எழுதுவார். “முதல் ரெண்டும் ஊர்க்காரங்க சொல்லிக்கொடுத்த நோய். மூணாவதுதான் அவங்களோட சொந்த நோய்” என்பது அவர் கட்சி.

ஜன்னலோரத்தில் ஒரு மர மேஜை இருந்தது. அதுதான் எங்கள் லேப், நான்தான் அதற்கு அதிகாரி. மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நீலத் திராவகம் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். செங்கல் நிறமானால் சர்க்கரை இருக்கிறது. நீலமாகவே இருந்தால் இல்லை. இன்னொரு பரிசோதனை மிதவை. அடியில் பாதரசக் குமிழும் மேலே கோடு போட்ட தண்டும் உள்ள சின்னக் கண்ணாடிச் சாமான் அது. மூத்திரம் கெட்டியாக இருந்தால் தண்டு உயர்ந்து நிற்கும், நீர்த்திருந்தால் அமிழ்ந்துபோகும். கண்ணை அந்த மட்டத்துக்குக் குனிந்து கோட்டைப் படிக்க வேண்டும். குனிந்து குனிந்தே என் முதல் வருஷம் போயிற்று.

சுரப்பி நோய்களில் டாக்டருக்குத் தனி ஆசை. பிரெஞ்சில் தடித்தடியாகப் புத்தகங்கள் வைத்திருந்தார். அந்த ஆசைக்குத் தீனி போட்ட முதல் ஆள் அம்பகரத்தூர் செல்லம்மாள். அக்னி நட்சத்திரத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கூட வந்த கணவர், “நாலு வருஷமா இப்படித்தாங்க. அடுப்பு மூட்டப் போனா அங்கயே தூங்கிடுறா. சோம்பேறியாயிட்டா” என்றார். செல்லம்மாளின் குரல் ஆண்குரல் மாதிரி கரகரத்தது. டாக்டர் தம் ‘வேற’க்களைக் கேட்டார். முதலில் மலச்சிக்கல் வந்தது, பிறகு முடி கொட்டுவது. மூன்றாவதுக்கு அந்த அம்மா வெகுநேரம் யோசித்து, “ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறதுக்குள்ள, என்ன சொல்ல வந்தேன்னு மறந்துடுதுங்க” என்றார்.

டாக்டர் அவரை ஒரு நாற்காலியின்மேல் முட்டிபோடச் சொன்னார். பாதங்கள் பின்னால் தொங்கின. குதிகாலுக்கு மேலுள்ள நரம்பில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் துள்ளிப் போயிற்று. திரும்பி வரும்போது மட்டும் மெல்ல, மெல்ல வந்தது. அப்புறம் என்னை முட்டிபோடச் சொல்லித் தட்டினார். என் கால் போன வேகத்தில் திரும்பியது. “பாத்தீங்களா, சரோஜினி? அவங்களுக்குப் போறதுக்கு அவசரம், திரும்பி வர்றதுக்குச் சோம்பல். கழுத்துச் சுரப்பி தூங்குது. அந்தம்மா சோம்பேறி இல்ல.”

மருந்து, ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை. செல்லம்மாளோ சுத்த சைவம். சொல்லாமல் கொடுத்துவிடலாமே என்றேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “வாயும் வயிறும் அவங்களோடது. சொல்லிட்டுத்தான் கொடுக்கணும்.” சொன்னார். செல்லம்மாள் பெஞ்சில் அரைமணி உட்கார்ந்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “கண்ண மூடிக்கிட்டு முழுங்கிடுறேன், தங்கச்சி. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேணாம்.” மறுமாதம் மாத்திரை வாங்க வந்த கணவர் என்னை ஓரமாக அழைத்து, “ஆட்டு மாத்திரைன்னு எனக்குத் தெரியுங்க. எனக்குத் தெரியும்னு அவளுக்குச் சொல்லிடாதீங்க” என்றார். மூன்று மாதத்தில் கம்பளி போயிற்று, குரல் திரும்பியது. “இப்ப பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போடுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர்.

எல்லாம் இப்படி முடிந்ததில்லை. போலகத்துத் தபால்காரர் ஒருவர் உப்பைப் பிடிபிடியாக அள்ளித் தின்கிறார், ஈறு கறுத்துப்போகிறது என்று வந்தார். சிறுநீரகத்தின்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி கெட்டுவிட்டது என்று டாக்டர் அன்றே கண்டுபிடித்தார். மருந்துக்கு ஆளும் அனுப்பினார். மருந்து வந்து சேர்ந்தது, அவர் இறந்த மூன்றாம் நாள். டாக்டர் அந்தச் சீசாவைத் தம் மேஜையை விட்டு எடுக்கவே இல்லை. நானும் துடைத்துத் துடைத்து அங்கேயே வைப்பேன்.

இனி மைமூன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப்போன மறுவருஷம், சித்திரை மாதம். காசிம் மரைக்காயர் ஊரில் மதிப்பான ஜவுளி வியாபாரி. அவருடைய மகன் சைகோனில் கடை வைத்திருந்தார். நிக்காஹ் முடிந்து இரண்டு மாதத்தில் அவர் கப்பலேறிவிட, மருமகள் மைமூன் மாமனார் மாமியாரோடு இருந்தாள். பத்தொன்பது வயது. ஒருநாள் காலை மாமியார் ஆமினாம்மா அவளை அழைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் பிரசவ அறையில் இருந்தார்.

“குடம் குடமா தண்ணி குடிக்கிறா, நர்ஸம்மா. ராத்திரியில பதினஞ்சு தடவ எந்திரிச்சுப் போறா. சக்கரை வியாதியான்னு பாருங்க” என்றார் ஆமினாம்மா.

நான் மைமூனிடம் ஒரு சீசாவைக் கொடுத்தேன். அவள் கொல்லைப்புறம் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். நீலத் திராவகம் நீலமாகவே நின்றது, சர்க்கரை இல்லை. மிதவையைப் போட்டேன். தலை வரைக்கும் அமிழ்ந்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்டால் எங்கே நிற்குமோ அங்கே நின்றது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நிறம் இல்லை, வாடை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷமாகக் குனிந்து படித்தவளை ஏமாற்றப் பார்க்கிறாளே!

“சக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மருமவ சீசாவுல தண்ணிய ஊத்தில்ல கொண்டாந்திருக்கு!” என்றேன்.

மைமூனின் முகம் வெளுத்தது. “இல்ல நர்ஸம்மா. சத்தியமா இல்ல” என்றாள். ஆமினாம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். நான் நோட்டில், ‘தண்ணீர் கலந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த சீசாவை எடுத்தேன்.

நான்கு நாளில் ரமலான் பிறந்தது. வெயில் கொளுத்திய மாதம். நோன்பு தொடங்கிய நாலாம் நாள் மத்தியானம் ஒற்றை மாட்டு வண்டியில் மைமூனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்திருந்தது. நாக்கு தோல் மாதிரி காய்ந்திருந்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள். மரைக்காயர் வண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

வண்டிக்குப் பின்னால் வந்த ஆமினாம்மாவிடம் டாக்டர் விசாரித்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. முதல் நோன்பன்றே, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வைத்திருந்த தண்ணீரை மைமூன் ஒளிந்து நின்று குடித்ததைப் பார்த்துவிட்டார்கள். வீட்டில் பெரிய ரகளை. “தாகமே பொய்யின்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களே, நோன்பு பிடிக்கச் சோம்பல் பட்டு நடிக்கிறான்னு நெனச்சேன், டாக்டர். தண்ணிப் பானை இருக்குற அறையப் பூட்டி வச்சேன். இவுக எங்க மவனுக்கும் காயிதம் எழுதிட்டாக, பொண்ண அவ உம்மா வீட்டுக்கு அனுப்பிடுறோம்னு. இன்னம் தபால்ல சேர்க்கல.”

அந்த வீட்டில் பானையைப் பூட்டிய சாவி என் வாயிலிருந்து போனது.

டாக்டர் ஊசி எதுவும் கேட்கவில்லை. ஒரு கூஜா தண்ணீரை எடுத்து மைமூன் கையிலேயே கொடுத்தார். “கொஞ்சம் கொஞ்சமா, எவ்வளவு வேணுமோ குடிங்க.” அவள் குடித்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கண்ணை மூடி, மூச்சு விடவும் மனமில்லாமல் குடித்தாள். இரண்டு மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது.

அப்புறம்தான் டாக்டர் என் நோட்டைப் புரட்டினார்.

“இவங்க தண்ணி ஊத்தினத நீங்க பாத்தீங்களா, சரோஜினி?”

“இல்லைங்க.”

“பாக்காதத எப்படி எழுதினீங்க?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். “மிதவை அமிழ்ந்துச்சுன்னு எழுதியிருந்தா அது உண்மை. அதோட நிறுத்தியிருக்கணும்” என்றார். பிறகு மைமூனின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, தொல்லை என்ன என்று கேட்க ஆரம்பித்தார். தாகம் என்றாள். “வேற?” அடிக்கடி வெளியே போகணும். “வேற?” அவள் மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தூங்கி ரொம்ப நாளாச்சுங்க. கண்ண மூடினா தண்ணிதான் கனவுல வருது. பச்சத் தண்ணி, சில்லுன்னு. வெந்நி குடுத்தா தாகம் அடங்க மாட்டேங்குது.” டாக்டர் பென்சிலை எடுத்து எழுதினார்.

மறுநாள் முழுக்க நான் அவள் கூடவே இருந்தேன். குடித்த ஒவ்வொரு சொம்பையும் அளந்தேன், வெளியே போனதையும் அளந்தேன். ஒரு பகலும் இரவும் சேர்ந்து பதினோரு லிட்டர் உள்ளே. ஏறக்குறைய அவ்வளவும் வெளியே. ஒவ்வொரு தடவையும் மிதவை தலைகாட்டாமல் அமிழ்ந்தது. கொல்லைக்கு நானே கூடப் போனதால், தண்ணீர் கலக்க வழியே இல்லை என்பதற்கு நானே சாட்சி.

டாக்டர் என்னையும் மரைக்காயரையும் ஆமினாம்மாவையும் உட்காரவைத்து விளக்கினார். மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவு ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பில் தண்ணீரைத் தேக்கிவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. மைமூனுக்கு அந்தச் சொல் வரவில்லை என்று தாம் நினைப்பதாகச் சொன்னார். மதகு சாத்தாத வாய்க்கால் மாதிரி வந்ததெல்லாம் ஓடிவிடுகிறது. குடிப்பதால் போகவில்லை, போவதால் குடிக்கிறாள்.

மரைக்காயர் தாடியைத் தடவினார். “நெனைக்கிறேங்குறீங்க. நிச்சயமாத் தெரியணும்ல, டாக்டர்? பழக்கத்துக்குக் குடிக்கிற புள்ளைங்களும் உண்டுல்ல?”

“உண்டு. அதுக்கு ஒரு பரீட்சை இருக்கு. சில மணி நேரம் தண்ணி குடுக்காம வச்சுப் பாக்கணும். பழக்கத்துல குடிக்கிறவங்களா இருந்தா மூத்திரம் கெட்டியாயிடும். இவங்களுக்கு ஆகாது. ஆனா பக்கத்துலயே உக்காந்து பாக்கணும். கவனிக்காம விட்டா உயிருக்கு ஆபத்து.”

ஆமினாம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதே காரியத்தைத்தான் அவர் கவனிக்காமல் நாலு நாள் செய்திருந்தார்.

மைமூன் முழுக்கத் தேற நாலு நாள் விட்டோம். பரீட்சைக்கு முக்கியமானது எடை. மணிக்கொருதரம் ஆளை நிறுக்க வேண்டும். நாற்பத்திரண்டு கிலோவில் ஒன்றேகால் கிலோ குறைந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். எங்களிடம் குழந்தை நிறுக்கும் தராசுதான் உண்டு. மரைக்காயரே நெல் மண்டியிலிருந்து பெரிய தராசு கொண்டுவந்தார். கொல்லை வேப்பமரக் கிளையில் அதைக் கட்டி, சுற்றிப் படுதா மறைத்து, ஒரு தட்டுக்குப் பதில் பலகை மாட்டினோம். மைமூன் அதில் உட்கார, எதிர்த்தட்டில் நான் படிக்கற்களை அடுக்கினேன். “ஊஞ்சலாட்டம் இருக்கு” என்று அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

காலை ஆறு மணிக்குக் கடைசிச் சொம்பு. யாரும் ஒளித்துத் தண்ணீர் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஆமினாம்மா ஓதும் தஸ்பீஹ் மணிமாலையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏழு மணி: நாடி, எடை, மிதவை. எட்டு மணி: மறுபடி. எடை சரசரவென இறங்கியது, மிதவை மட்டும் அடியிலேயே கிடந்தது. ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து குழாயைப் பார்த்தார், ஆமினாம்மாவைப் பார்த்தார். டாக்டர் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

“அம்மா, நீங்க நோன்புதானே? விடியுறதுக்கு முன்ன சஹர்ல தண்ணி குடிச்சதோட சரியா?”

“ஆமாங்க. அல்லாஹ் மேல ஆணையா ஒரு சொட்டு இறங்கல.”

“அப்ப உங்க மருமகள விட முன்னாடியே நிறுத்திட்டீங்க. நீங்களும் சரோஜினிகிட்ட ஒரு சீசா குடுக்க முடியுமா?”

ஆமினாம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். “யா அல்லாஹ்! என்னதையா?” ஆனாலும் எழுந்து போனார்.

இரண்டு குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். மாமியாருடையது தேயிலைத் தண்ணீர் நிறம். மிதவை கோடுகளைக் காட்டிக்கொண்டு உயர்ந்து நின்றது. மருமகளுடையது பச்சைத் தண்ணீர். மிதவை மூழ்கியே இருந்தது. ஆமினாம்மா குனிந்து, என்னைப் போலவே கண்ணை மட்டத்துக்கு வைத்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேருமே குடிக்கல” என்றார் மெதுவாக. “என் உடம்பு தேக்கி வச்சுக்குது. இந்தப் புள்ள உடம்பு தேக்கல.” எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த நோயை இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

பத்தரை மணிக்கு மைமூனின் உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. தராசில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மைமூன் மாமியாரை, “உம்மா, பானை எங்கே?” என்று கேட்டாள். அவ்வளவுதான். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆமினாம்மா தஸ்பீஹைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். “போதும்! என் கண்ணால பாத்துட்டேன். தண்ணி குடுங்க புள்ளைக்கு! நீங்க குடுக்கலன்னா நான் குடுக்குறேன்!”

“ஒரே ஒரு தடவை எடை பாத்துட்டு” என்று டாக்டர் சொன்னார். எடை பார்த்தேன். ஒன்றேகால் கிலோ சரியாகக் குறைந்திருந்தது. மிதவை காலையில் நின்ற இடத்தை விட்டு ஒரு கோடுகூட ஏறவில்லை.

டாக்டர் பிரசவ அறை அலமாரியிலிருந்து ஒரு ஆம்பூலை எடுத்துவரச் சொன்னார். பிள்ளை பெற்ற பிறகு ரத்தம் நிற்கப் போடுகிற ஊசி. ஆமினாம்மா அடையாளம் கண்டுகொண்டார். “இது புள்ள பெத்தவளுக்குப் போடுறதாச்சே!” மாட்டின் அதே கொண்டைக்கடலைச் சுரப்பியிலிருந்து எடுத்த மருந்துதான் அது, மைமூனுக்கு இல்லாத சொல் அதற்குள் இருந்தது. ஊசியைப் போட்டு, இரண்டு தம்ளர் தண்ணீரை அளந்து கொடுத்தோம். அவள் முகம் வெளிறி, வயிறு பிசைகிறது என்று சுருண்டாள். பிறகு தூங்கிப்போனாள்.

ஒரு மணி நேரம் அவள் எழவில்லை. இரண்டாவது மணி முடிகிற நேரம் எழுந்து போனாள். சீசாவைக் கையில் வாங்கியபோதே தெரிந்தது. மஞ்சள்! மிதவை எழும்பி நின்றது. “டாக்டர், மஞ்சள்! மஞ்சளா வந்துட்டு!” என்று வராந்தாவில் கத்திக்கொண்டு ஓடினேன். வெளியே காத்திருந்தவர்கள் ஏதோ கல்யாண விசேஷம் என்று நினைத்திருப்பார்கள். டாக்டர் எழுந்து நின்று, சீசாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மைமூனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்வதென்று மனப்பாடம் செய்துகொண்டு போனது பாதியில் மறந்தது. “நான் பாக்காதத சொல்லிட்டேன்மா” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நர்ஸம்மா, எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துச்சு, நான்தான் நடிக்கிறேனோன்னு. நோயின்னு சொன்னீங்களே, அதுவே போதும்.” மரைக்காயர் சைகோன் காயிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதினார். தலையை எக்ஸ்ரே எடுக்கப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். கட்டி ஏதும் இல்லை. ஏன் வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஊசி சில மணி நேரம்தான் கேட்கும். வயிற்று வலி வேறு. தினம் காலையில் ஒன்று போட்டோம். ராத்திரி பழைய கதைதான். நிரந்தரமாக வேண்டியது, அதே சுரப்பியைக் காயவைத்து இடித்த பொடி. அதை மூக்குப்பொடி மாதிரி உறிஞ்ச வேண்டும். பாரிஸிலிருந்து வரும் சரக்கு, ஊர் கைமாறியதிலிருந்து வரத்து நின்றுபோயிருந்தது. டாக்டர் சென்னைக்கு எழுத அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மூன்று நாள் போராடினார். கடைசியில் பாண்டிச்சேரியில் மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய பழைய சிநேகிதரிடம் ஆறு சீசா மிச்சமிருப்பது தெரிந்தது. பஸ் டிரைவர் கையில் வந்து சேர்ந்தது.

செல்லம்மாளுக்குச் சொன்னதுபோலவே டாக்டர் இங்கேயும் சொன்னார்: மாட்டிலிருந்து எடுத்தது, ஆனால் உங்கள் முறைப்படி அறுத்ததல்ல. மரைக்காயர் பள்ளிவாசலுக்குப் போய், மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டுவந்தார். “உசுரக் காப்பாத்துற மருந்து, தாராளமாக் குடுங்கன்னுட்டாக. நோயாளிக்கு நோன்பும் கடமையில்லையாம். விட்ட நோன்புக்கு ஈடா ஏழைக்குச் சாப்பாடு போட்டாப் போதுமாம். ‘இதுக்குப் போயா தண்ணியப் பூட்டி வச்சீக?’ன்னு என்னயத் திட்டி அனுப்புறாரு!”

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மைமூனுக்குப் பொடி போடத் தெரியவில்லை. உறிஞ்சினாள், தும்மினாள், தங்கத்துக்குச் சமமான மருந்து காற்றில் போயிற்று. மறுபடியும் தும்மல். பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு, அவர்கள் வீட்டுக்கே போனேன். செய்துகாட்டலாம் என்று கடையில் சாதா மூக்குப்பொடி வாங்கிப்போய் ஒரு சிட்டிகை இழுத்தேன். பதினோரு தும்மல். கண்ணில் நீர் வடிய நிமிர்ந்தால், ஆமினாம்மா பொறுக்க முடியாமல் என் கையைத் தட்டிவிட்டார்.

“இப்படியா இழுக்குறது? மூச்ச உள்ளாற இழுக்கவே கூடாது, நர்ஸம்மா. ரெண்டு விரல் நுனியில எடுத்து, மூக்கு ஓரமா ஒத்தி, வாயால மூச்சு விட்டுக்கிட்டே இப்படி…” சுத்தமாக, ஒரு துளி சிந்தாமல், ஒரு சிறு தும்மல்கூட இல்லாமல் போட்டுக் காட்டினார். பிறகுதான் வாசற்படியில் மரைக்காயர் நிற்பதைப் பார்த்தார்.

சட்டென்று விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“எத்தன வருஷமா, ஆமினா?” என்று மரைக்காயர் கேட்டார்.

“உங்க உம்மா மவுத்தாப் போய்ச் சேர்ந்ததுலேர்ந்து. இருபது வருஷம் இருக்கும்” என்றார் ஆமினாம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மரைக்காயர் தம் இடுப்பு மடியைத் தடவிப் பார்த்தார். “அப்ப என் பொடி மட்ட அடிக்கடி காணாமப் போனது எலி இல்ல” என்றார். மைமூன் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

அன்று முதல் மருந்து ஆமினாம்மா பொறுப்பு. தீக்குச்சி முனை அளவு எடுத்து, மருமகளின் தாடையைப் பிடித்து, “மூச்ச இழுக்காத, இழுக்காத” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். பிறை தெரிந்த அன்றுதான் முதன்முதலாகத் தும்மாமல், படுக்கப் போகுமுன் ஒரு முழு வேளை மருந்து உள்ளே போயிற்று.

பிற்பாடு மைமூன் அந்தப் பொடியோடு பல வருஷம் வாழ்ந்தாள். புருஷன் வந்து அவளை அழைத்துப்போனார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் முப்பத்தாறு வருஷ வேலையில் ஒரு காலையைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நான் அந்தப் பெருநாள் காலையைத்தான் கேட்பேன்.

எட்டு மணி இருக்கும். ஆமினாம்மா புதுச் சேலையோடு, தலைமுடிகூட வாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். “நர்ஸம்மா, உடனே வாங்க! புள்ள எந்திரிக்கவே இல்ல. ராத்திரியிலேர்ந்து ஒரு தடவகூட எந்திரிக்கல. தொட்டா அசையிறா, கண்ணு தொறக்க மாட்டேங்குறா!” மருந்து அதிகமாகிவிட்டதோ என்று எனக்கும் பயம் வந்தது. இருவரும் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். தெருவெல்லாம் அத்தர் வாசனை. பள்ளியில் தொழுகை முடிந்து ஆண்கள் கட்டித்தழுவி நின்றிருந்தார்கள்.

மைமூன் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நாடி பார்த்தேன்: நிதானமாக, அழுத்தமாக. மூச்சு சீராக வந்தது. உதடு ஈரமாக இருந்தது. தலைமாட்டில் மூன்று சொம்பு நிறையத் தண்ணீர் தொடப்படாமல் இருந்தது. தோளைத் தட்டினேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “இன்னும் கொஞ்ச நேரம், நர்ஸம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றேன். “தூங்குது.”

ஆமினாம்மா என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. முற்றத்தில் பெருநாள் வாழ்த்துச் சொல்லச் சொந்தக்காரப் பெண்கள் கலகலவென்று நுழைந்துகொண்டிருந்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினார். குறுக்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க” என்று வந்தவர்களிடம் சொன்னார். “என் புள்ள தூங்குது.”